பரிசிலும் பாடலும்: கொல்லிமலை முதல் தொலைக்காட்சி மேடை வரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 70 உள்ளன. அவற்றைக் கடந்து மேலேறினால் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு எடுக்கும் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அம்மன்னனை இன்று நாம் வில்லாளியாகவே பெரிதும் நினைக்கிறோம். சங்கப் புலவர்கள் அவன் வில்லை வியந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் புறநானூற்றில் அவனைப் பற்றியுள்ள பாடல்களைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது வேறொரு செய்தி மேலோங்கி நிற்கிறது. பாடிப் பரிசில் பெற மலையேறி வந்தவர்கள் அங்கே என்ன பெற்றார்கள், பெற்றபின் என்ன ஆனார்கள், பெறாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதே அது.

ஆலயப் பாடகர் குழுவில் குரல் பழகிய பிள்ளைகள் தொலைக்காட்சிப் பாடற்போட்டிகளில் புகழ் தேடிச் செல்லும் காலம் இது. நம் திருச்சபையில் மட்டுமன்று, பிற சபைகளிலும் இதுவே நிலை. அவர்களுக்காகப் பெருமைப்படவும் அஞ்சவும் நமக்குக் காரணங்கள் உண்டு. அந்தப் பெருமையையும் அச்சத்தையும் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கக் கொல்லிமலைப் பாடல்கள் உதவும் என்று கருதுகிறேன்.

முதலில் புறநானூற்றின் 152ஆம் பாட்டு. பாடியவர் வன்பரணர். பாணரும் விறலியரும் அடங்கிய குழு ஒன்று காட்டுவழியே வருகிறது. அங்கே வேட்டுவன் ஒருவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்து நிற்கிறது. குழுவின் தலைவர் திகைக்கிறார். இவன் கொன்ற விலங்கை விற்றுப் பிழைப்பவனாகத் தெரியவில்லை, மார்பில் ஆரம் தவழ்கிறது, செல்வமுடையவன் போலும், ஒருவேளை இம்மலைக்குரிய ஓரிதானோ, அல்லனோ என்று ஐயுறுகிறார். ஐயம் தீரவில்லை. ஆனாலும், ‘பாடுவோம்’ என்று விறலியிடம் சொல்கிறார். முழவைச் சரிசெய்யுங்கள், யாழில் பண்ணை அமையுங்கள், தூம்பை எடுங்கள், எல்லரியும் ஆகுளியும் முழங்கட்டும், பதலையின் ஒரு கண்ணை மெல்லக் கொட்டுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் கட்டளை பிறக்கிறது. தமிழர் இசைக்குழு ஒன்று பாடுவதற்கு முந்திய பரபரப்பை இதைவிட அண்மையில் நின்று காட்டும் சங்கப் பாடல் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் பூசைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நம் பாடகர் குழுவில் ஆர்மோனியத்துக்கும் தபேலாவுக்கும் இடையே எழும் அதே பரபரப்பு!

இருபத்தொரு துறையும் முறைப்படி பாடி முடித்து, ‘கோ’ என்று அவர்கள் விளிக்கிறார்கள். கோ என்றால் அரசன். அது தன்னையே குறிக்கும் சொல்லாதலால் அந்த வேட்டுவன் நாணினான் என்கிறார் புலவர். நாங்கள் நாடு நாடாகச் சுற்றி வருகிறோம், உம்மை ஒத்த வேட்டுவரை எங்கும் கண்டதில்லை என்று தொடங்கிய அவர்களைத் தம் தேவையைச் சொல்லவும் அவன் விடவில்லை. வேட்டையில் கிடைத்த மானின் கொழுவிய இறைச்சியையும் உருக்கிய நெய் போன்ற மதுவையும் அளித்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் கலந்து, ‘கொள்க’ என்று அந்தக் காட்டுவழியிலேயே கொடுத்துவிட்டான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாடியவர்கள் யார் முன்னால் பாடுகிறோம் என்று உறுதியாக அறியாமலே முழு இசையையும் பாடினார்கள். கேட்டவன் புகழுக்கு மகிழவில்லை; நாணினான். கொடுத்தபோது பார்த்துக் கைதட்ட அங்கே கூட்டம் இல்லை.

அடுத்துள்ள 153ஆம் பாட்டும் வன்பரணருடையதே. இதன் நடை வேறு. ஓரியின் மழை போன்ற கொடையைக் காண எம் கலைஞர் சுற்றம் சென்றது என்று தொடங்கி, அவர்கள் பெற்றவற்றைக் கணக்கிடுகிறார். குளிர்ந்த நீரில் பூக்காத குவளை மலர்களை, அதாவது பொற்கொல்லன் கையில் மணி பதித்துப் பூத்த மலர்களை, வெள்ளி நாரில் தொடுத்த மாலை, அணிகலன்கள், அவற்றோடு யானைகள். இதன் பின்னர்தான் பாடலின் உண்மையான பொருள் வருகிறது. பசி நீங்கிவிட்ட காரணத்தாலோ என்னவோ, இன்னிசைக் கருவிகள் முழங்கியும் அவர்கள் ஆடவில்லை. தம் பாடல்களையும் மறந்துவிட்டார்கள் என்று முடிக்கிறார். உரையாசிரியர்கள் இதனை ஓரியின் கொடைச் சிறப்பாகவே விளக்குவர். கொடையின் மிகுதியைக் காட்டும் உத்தி அது, மறுப்பதற்கில்லை. இருந்தாலும் படிப்பவர் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிடுகிறது. பாடலுக்குக் கிடைத்த பரிசிலே பாடலை விழுங்கிவிட்டதே!

ஓரியின் ஆட்சி முடிவுக்கு வந்தது. மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாட்டு கூறுகிறது. மலை கைமாறியது. பாடல்கள் ஏடுகளில் தங்கி, 1894இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பால் நம் கைக்கு வந்தன. கொல்லிமலையில் பாடிய மூன்றாவது புலவரின் கதையைப் பின்னர்ப் பார்ப்போம். அதற்குமுன் நம் காலத்து வள்ளல்களிடம் செல்ல வேண்டியிருக்கிறது.

2001இல் இங்கிலாந்தில் ‘பாப் ஐடல்’, 2002இல் அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஐடல்’, 2004இல் ‘இந்தியன் ஐடல்’ என்று தொலைக்காட்சிப் பாடற்போட்டிகள் புதிய வடிவெடுத்தன. தமிழில் சன் தொலைக்காட்சியின் ‘சப்தஸ்வரங்கள்’ 1990களிலேயே இல்லங்களுக்குள் வந்துவிட்டது. 2006இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ போட்டியை ஆண்டுக்கணக்கில் நீளும் தொடராக்கியது. இவற்றின் புதுமை பாடலில் இல்லை, தீர்ப்பில் இருக்கிறது. நடுவர்கள் சொல்வது பாதி. மீதியைத் தொலைபேசி வழியும் பின்னர் கைபேசி, இணையம் வழியும் மக்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். வாக்களிப்பவர் ஒருவர், பரிசு கொடுப்பவர் வேறொருவர், அதனால் வருவாய் பெறுபவர் மூன்றாமவர். ஓரியின் காட்டில் இம்மூவரும் ஒருவனே. இப்போது பாடும் பிள்ளைக்குத் தன் வள்ளலின் முகம் தெரிவதில்லை. எவரைப் பார்த்துப் பாடுவது? கேமராவைப் பார்த்துத்தான்.

இவ்வகை மேடைகளில் ஒரு சிறு சபையின் பிள்ளைகள் அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் தோன்றினார்கள். மோர்மோன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர் அவர்கள். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவிய அச்சபையின் மையம் இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரம். நம் நாட்டில் அவர்கள் மிகச் சிலரே. சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் சிறு சபைக் கூட்டங்கள் உண்டு. மூவொரு கடவுளைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள போதனை நம்முடையதிலிருந்து அடிப்படையிலேயே வேறானது என்பதால், அவர்களது திருமுழுக்கு செல்லாது என்று 2001இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. கொள்கையில் இவ்வளவு தொலைவில் நிற்பவர்களின் பிள்ளைகளைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். குரலைக் கோவிலில் பழகி, அதை உலகத்தின் முன்னால் வைக்கும் இளைஞன் படும் பாடு எல்லாச் சபைகளிலும் ஒன்றே என்பதுதான் என் பதில்.

அச்சபையில் பாட்டு எப்படி ஊன்றியது என்பதும் அறியத்தக்கது. ஊர்ச்சபைகளில் ஊதியம் பெறும் குருக்கள் இல்லை. ஞாயிறு வழிபாட்டில் பேசுவதும் பாடுவதும் சபையாரின் கடமை. சிறுவர்களும் மேடையேறிப் பழகுகிறார்கள். சால்ட் லேக் நகரத்துப் பேராலயப் பாடகர் குழுவில் ஏறத்தாழ 360 பேர். ஒருவருக்கும் ஊதியமில்லை. 1929 ஜூலையில் தொடங்கிய அவர்களது வார வானொலி நிகழ்ச்சி இன்றுவரை தொடர்கிறது. அக்குழுவில் தனிக்குரலுக்குப் பெயர் கிடையாது. 360 பேரும் ஒரே குரல். அதே மண்ணிலிருந்துதான் 1962இல் ஆஸ்மண்ட் சகோதரர்கள் என்ற சிறுவர்கள் ஆண்டி வில்லியம்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து நாடறிந்த பாடகர்கள் ஆனார்கள். பெயரற்ற பெருங்குழுவும் பெயர்பெற்ற தனிக்குரலும் ஒரே வளர்ப்பில் பிறந்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

டேவிட் ஆர்ச்சுலெட்டா 1990இல் பிறந்தவர். யூட்டாவில் வளர்ந்தவர், தாய் ஹொண்டுராஸ் நாட்டவர். 2008இல் ‘அமெரிக்கன் ஐடல்’ ஏழாம் பருவத்தின் இறுதிச் சுற்றில் அவர் நின்றபோது வயது 17. பதிவான வாக்குகள் 9 கோடியே 70 இலட்சத்துக்கும் மேல். ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்று இரண்டாமிடம் அடைந்தார். தோற்றவர் எனினும் இசைத்தட்டுகள் விற்றன. ஊர் ஊராக அரங்குகள் நிறைந்தன. அந்நிலையில், 2011 டிசம்பரில், தாம் ஈராண்டுகள் சபைப் பணிக்குச் செல்லப்போவதாக மேடையிலேயே அறிவித்தார். 2012 மார்ச்சு முதல் 2014 மார்ச்சு வரை தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வீடு வீடாக நடந்தார். அவர்கள் சபையில் இளைஞர்கள் பலரும் செய்யும் பணிதான் அது. ஆனால் விதிகள் கடுமையானவை. அக்காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச அனுமதி ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அன்னையர் நாளுக்கும். இசைத்தொழில் முழுவதுமாக நின்றது. இருபத்தொரு வயதில், இரசிகர்கள் மறந்துவிடக்கூடிய வயதில், ஒருவன் தன் பாட்டை ஈராண்டுகள் இறக்கி வைத்துவிட்டுப் போனான். வன்பரணர் கண்ட கலைஞர்கள் வயிறு நிறைந்ததால் பாடலை விட்டார்கள். இவர் விட்டது அப்படியன்று.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஞாயிறு மறையுரைக்கு மிகவும் ஏற்றதாக இருந்திருக்கும். முடியவில்லை. 2021 ஜூனில் தாம் தன்பாலின ஈர்ப்பு உடையவர் என்பதை ஆர்ச்சுலெட்டா வெளிப்படையாகத் தெரிவித்தார். பல ஆண்டுகள் அதைத் தனக்குள் வைத்து, மாற்றித் தருமாறு இறைவனிடம் மன்றாடியதாகவும் கூறினார். அடுத்த ஆண்டு சபையிலிருந்து விலகினார். மகன் எங்கே போகிறானோ அங்கேயே தானும் இருப்பதாகச் சொல்லி அவர் தாயும் விலகினார். அந்தத் தாயின் சொல்லையே பொருளாக வைத்து 2024இல் ஒரு பாடலை அவர் வெளியிட்டார். அவருடைய முடிவுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது இங்கே என் வேலையன்று. நம் திருச்சபையின் போதனையை வாசகர் அறிவர். நான் நினைப்பது வேறு. பதினேழு வயதில் ஒரு பிள்ளை மேடையில் நிற்கும்போது, ‘இவன் எங்கள் பிள்ளை’ என்று ஒரு சபை முழுதும் சொல்லிக் கொள்கிறது. அவன் முகம் சபையின் முகமாகிவிடுகிறது. அதன்பின் அவனுக்குத் தன் துன்பத்தை எவரிடமும் சொல்ல இடமில்லாமல் போகிறது. புகழ் கொடுத்த தனிமையைவிட, நம்மவர் என்ற உரிமை கொடுத்த தனிமை பெரிதாக இருந்திருக்கலாம்.

இதை மோர்மோன்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. நம் வீட்டுக் கதைகள் இரண்டு உண்டு.

பெல்ஜியத்தில் வாட்டர்லூ அருகே பிஷர்மோன் மடத்துத் தொமினிக்கன் சகோதரி ழானின் டெக்கர்ஸ். கித்தாருடன் அவர் பாடி வந்த எளிய பாடல்களை மடத்தார் ஒலிப்பதிவு செய்ய இசைந்தார்கள். புனித தொமினிக்கைப் பற்றிய பாடல் 1963 டிசம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ‘புன்னகைச் சகோதரி’ என்று பொருள்படும் பெயரில் இசைத்தட்டு வந்தது. வறுமை வார்த்தைப்பாட்டின்படி வருவாய் மடத்துக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் சென்றது. 1966இல் அவர் மடத்தை விட்டு வெளியேறினார். வெளியே வந்தபின் அந்தப் பழைய பெயரில் பாட அவருக்கு உரிமை இல்லை. ஒப்பந்தப்படி பெயர் அவருடையதன்று. தாம் கையால் தொடாத பணத்துக்கு வரி கட்டுமாறு பெல்ஜிய அரசு பின்னாளில் கேட்டது. 1985 மார்ச்சில், கடனிலும் மனச்சோர்விலும், தம் தோழியுடன் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வாழ்வைத் தழுவி 1966இல் எடுத்த ஆலிவுட் திரைப்படத்தில் எல்லாம் இனிதே முடிகிறது.

இரண்டாவது, இத்தாலியின் கிறிஸ்தீனா ஸ்கூச்சியா. 1988இல் சிசிலியில் பிறந்த உர்சுலைன் சகோதரி. ‘தி வாய்ஸ்’ என்னும் போட்டியில் நடுவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்கள். குரல் பிடித்தால் மட்டும் நாற்காலியைத் திருப்புவார்கள். 2014 மார்ச்சில் அவர் பாடியபோது நால்வரும் திரும்பினார்கள். எதிரே நின்றது துறவற உடையணிந்த 25 வயதுச் சகோதரி! கொல்லிமலையில் பாடுபவர்களுக்குக் கேட்பவனைத் தெரியவில்லை. இங்கே கேட்பவர்களுக்குப் பாடுபவரைத் தெரியவில்லை. அந்தக் காட்சியை இணையத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். நடுவர்களுள் ஒருவர் கண்ணீர் விட்டார். 2014 ஜூன் 5 அன்று 62 விழுக்காடு வாக்குகளுடன் அவர் வெற்றி பெற்றார். மேடையிலேயே ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே’ என்னும் செபத்தைச் சொன்னார். அவ்வாண்டு இறுதியில் தம் இசைத்தொகுப்பைத் திருத்தந்தை பிரான்சிசிடம் கையளித்தார். கத்தோலிக்க இதழ்கள் அவரைக் கொண்டாடின. 2022 நவம்பரில், தாம் துறவறத்தை விட்டுவிட்டதாகவும் ஸ்பெயின் நாட்டில் உணவகப் பணிப்பெண்ணாக வாழ்வதாகவும், தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில் அவர் தெரிவித்தார். கடவுளிடமிருந்து தாம் விலகவில்லை என்பதையும் சொன்னார். கொண்டாடிய பக்கங்களில் இச்செய்திக்குக் கிடைத்த இடம் சிறியது.

இசையைப் பற்றிய இந்த அச்சம் திருச்சபைக்குப் புதியதன்று. புனித அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில் இதனை வெளிப்படையாகவே பேசுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மிகுதியாக ஈர்த்துவிட்டால் அதனைப் பாவமாக எண்ணி வருந்துவதாகவும், அப்போது பாட்டைக் கேளாதிருப்பதே நலம் என்று தோன்றுவதாகவும் கூறுகிறார். ஆனால் அவர் ஆலயத்தில் பாட்டைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மனம் மாறிய தொடக்க நாள்களில் திருச்சபையின் பாடல்களைக் கேட்டு விட்ட கண்ணீரை நினைத்து, அவ்வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறார். கேட்பவருக்கு வரும் சோதனை இது. பாடுபவருக்கு வரும் சோதனையைச் சாமுவேல் முதல் நூல் காட்டுகிறது. இளைஞன் தாவீது யாழிசைத்துச் சவுலின் துன்பத்தை ஆற்றியபோது அரண்மனையில் பகையில்லை. போர் முடிந்து திரும்புகையில் பெண்கள் ஆடிப்பாடி, சவுலுக்கு ஆயிரமும் தாவீதுக்குப் பதினாயிரமும் என்று எண்ணிக்கையில் வைத்தார்களே, அன்றுதான் ஈட்டி கையில் எழுந்தது. யாழ் இருவரையும் ஒன்றாக்கியது; கணக்கு பிரித்தது.

நம் பங்குகளுக்கு வருவோம். பிள்ளைகள் போட்டிக்குப் போகக்கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இறைவன் கொடுத்த குரலைப் பீடத்தின் பக்கவாட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று எந்த மறைநூலும் சொல்லவில்லை. பாணரும் விறலியரும் ஊர் ஊராகச் சென்றதால்தான் தமிழ்ப் பண் வளர்ந்தது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு இம்மேடை திறக்கும் கதவு வேறெங்கும் திறப்பதில்லை என்பதும் உண்மை. எனக்கு உறுத்தலாக இருப்பது போகும் பிள்ளையன்று. அனுப்பிவிட்டு நாம் செய்யும் வேலை. திருப்பலி அறிவிப்பில் வாக்கு கேட்பதும், ஆலய வாசலில் ஆளுயரப் பதாகை வைப்பதும், ‘நம் சமயத்துக்குப் பெருமை’ என்று முழங்குவதும் பாடும் பிள்ளையின் தோளில் நாம் ஏற்றும் சுமைகள். தொலைக்காட்சிக்கு அப்பிள்ளை ஒரு முகம், நமக்குமா முகம்? அவளுக்குக் காய்ச்சல் வந்தால், குரல் உடைந்தால், நாளை அவள் வேறு வழியில் நடந்தால், அவள் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவர்கள் யார் என்று பதாகை கட்டுமுன் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் இறுதி மேடைக்கு வருபவர்கள் ஐந்தாறு பேர். அதற்குமுன் வரிசையில் நின்று, ஒரு சரணம் பாடுமுன்பே ‘போதும்’ என்று அனுப்பப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் அடுத்த ஞாயிறும் பாடகர் குழுவில் வந்து நிற்கிறார்கள். தாம் தோற்றது ஊருக்கெல்லாம் தெரியும் என்ற கூச்சத்தோடு ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ தொடங்குகிறார்கள். அவர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை.

பரிசு பெற்றும் அதனைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளாத ஒரு சிறுமியையும் தமிழ் மேடை கண்டது. கனடாவில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஜெசிகா, 2015இல் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ நான்காம் பருவத்தின் இறுதிச் சுற்றில் இரண்டாமிடம் பெற்றாள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைப்படத்தில் தாயகம் நீங்குவோர் பாடும் பாடலை அன்று அவள் பாடியபோது அரங்கில் அழாதவர் குறைவு. அவளுக்குரிய பரிசு ஒரு கிலோ தங்கம். தமிழகத்திலும் ஈழத்திலும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு அதனைப் பகிர்ந்தளிப்பதாக அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் கொல்லிமலையின் மூன்றாவது பாடல் நினைவுக்கு வருகிறது. புறநானூறு 204, ஓரியை நோக்கிக் கழைதின் யானையார் பாடியது. கொடு என்று இரப்பது இழிவு, கொடேன் என்று மறுப்பது அதனினும் இழிவு. கொள் என்று கொடுப்பது உயர்வு, கொள்ளேன் என்று மறுப்பது அதனினும் உயர்வு என்று நான்கு படிகளை அடுக்கிக் காட்டுகிறார். பள்ளிப் பாடநூல்கள் இந்த நான்கு படிகளோடு நிறுத்திவிடுவது வழக்கம். பாடல் அங்கே முடியவில்லை. அது யார் பாடியது, எந்த நிலையில் பாடியது என்பது எஞ்சிய பகுதியில்தான் தெரிகிறது.

கடல்நீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் நீர்வேட்கை கொண்டவர்கள் அதனைக் குடிப்பதில்லை. மாடுகள் மிதித்துக் கலங்கிய சேற்றுநீரானாலும், சிறிதாயினும், உண்ணும் நீர் உள்ள இடத்துக்கே செல்லும் வழிகள் பல என்று தொடர்கிறார். பரிசில் பெறாமல் திரும்புகிறவர்கள் தாம் புறப்பட்ட நேரத்தையும் பறவைச் சகுனத்தையும் பழிப்பார்களேயன்றி, நாடிச் சென்ற வள்ளலைப் பழிக்க மாட்டார்கள். ஆதலால் நானும் உன்மேல் வருந்தமாட்டேன், ஓரி, நீ வாழ்க என்று முடிக்கிறார். அதாவது, மழையெனக் கொடுப்பவன் என்று வன்பரணர் பாடிய அதே ஓரியிடம் இவருக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. வெறுங்கையுடன் மலையிறங்கும்போது பாடிய பாட்டு அது.

கழைதின் யானை என்றால் மூங்கிலைத் தின்னும் யானை. பெற்றோர் வைத்த பெயராக அது இருந்திருக்க முடியாது. அவரது இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் அவர் பாடியதாக உள்ளது இந்தப் பாட்டு ஒன்றே.